இயந்திரத்தின் நெற்றி

இன்று காலை புதிய இயந்திரங்கள் வந்து இறங்கின. மரப்பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றியதும் பச்சை மர வாசனையும், உள்ளே அடைத்திருந்த நுரைப்பஞ்சின் வாசனையும், புது எண்ணெயின் வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தன. சரக்கு இறக்கும் மேடையில் நின்றுகொண்டிருந்த எனக்குச் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. முதல் தடவை இந்த வாசனை வந்தபோது நீ என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "புதுப் பொண்ணு வந்துட்டா. வாசமாத்தான் இருக்கா," என்றாய். இன்று நான் திரும்பவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நீ போனபிறகு உனக்கு எதுவும் எழுதியதில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். இன்று களைப்பாக இருக்கிறது. தூங்கி எழுந்தால் தீருகிற களைப்பு இல்லை. எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிராத ஓர் ஆளிடம் பேச வேண்டும்போல் இருக்கிறது. அப்படி எனக்கு நீ ஒருத்திதான் இருந்தாய்.

பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, எழுபதுகளின் கடைசியில், நாம் இருவரும் ஒன்றாகவே இந்த வேலையில் சேர்ந்தோம். சுங்கை பினாங் அடுக்குமாடியில் உங்கள் வீடு கீழே, எங்கள் வீடு மேலே. விடியுமுன் பெக்டரி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். நீ ஈரத் தலையோடு படியிறங்கி வருவாய். பஸ் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேரும்வரை உன் தலை என் தோளில் கிடக்கும். என் தோள் நனைந்திருக்கும். நான் ஜன்னல் வெளிச்சத்தில் ஏதாவது படித்துக்கொண்டு வருவேன். "என்னாடி, இந்தக் குலுக்கல்ல எழுத்து நிக்குதா ஒனக்கு?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்பாய்.

நம் வேலை கம்பி ஒட்டுவது. கடுகைவிடச் சிறிய சில்லு ஒன்று. அதன் ஓரத்தில் இருக்கும் புள்ளிகளிலிருந்து வெளியே நீளும் உலோகக் கால்களுக்கு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். ஷிப்ட் முழுவதும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்தபடிதான் எல்லாம். வீட்டில் உன் அம்மா கேட்டபோது, "தங்க வேலைதாம்மா," என்று நீ சொல்லியிருக்கிறாய். அவர் கொஞ்ச நாள் அக்கம்பக்கத்தில் மகள் நகை செய்கிறாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அறைக்குள் தூசி ஆகாது. முகப் பவுடர் ஆகாது, பூ ஆகாது, திருநீறும் ஆகாது. வெள்ளிக்கிழமைகளில் நாம் கதவருகே இருந்த தொட்டியில் நெற்றியைக் கழுவிவிட்டு, தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டு உள்ளே போவோம். புதிதாக வந்த பெண் ஒருத்தி அதற்கு அழுதாள். நீ அவள் முதுகில் தட்டி, "சாமிய இங்கயே ஒக்காரச் சொல்லிட்டு வாலா. ஷிப்ட் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போயிடலாம்," என்றாய். அவள் சிரித்துவிட்டாள்.

ஆயுத பூஜைக்கும் நமக்கு ஒரு வழி இருந்தது. மைக்ரோஸ்கோப்புக்குச் சந்தனம் வைக்க முடியாது என்பதால், தேய்ந்துபோய்த் தள்ளிவிட்ட இடுக்கிகளைக் கேட்டு வாங்கி, லாக்கர் ரூமில் ஒரு தட்டில் அடுக்கி, அவற்றுக்குப் பொட்டு வைத்துப் பூஜை செய்வோம். கெப்பாலா பத்தாஸிலிருந்து வரும் மலாய்க்காரி ரோஸ்னாவும் சீனப் பெண்களும் சுண்டலுக்காகக் காத்திருப்பார்கள். சூப்பர்வைசர் லிம்கூட வாசலில் நின்று, "கச்சாங் ரெடியா?" என்று கேட்டு இரண்டு கை அள்ளிக்கொண்டு போவார். உள்ளே இருக்கும் ஆயுதங்களுக்காக வெளியே இருக்கும் ஆயுதங்கள் பூஜை வாங்கிக்கொண்டன. அதில் யாருக்கும் குறை இருக்கவில்லை.

உன் கண்ணில் கோளாறு என்று எனக்கு எப்போது தெரிந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். பஸ் நிறுத்தத்தில் நின்றால், "எந்த பஸ்டி வருது?" என்று கேட்பாய். முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பினாங் ரோட்டில் உன் சொந்த அக்கா எதிரே வந்து கையாட்டினாள். நீ அவளைத் தாண்டிப் போய்விட்டாய். அன்று வீடு வந்து படியேறும்போதுதான் சொன்னாய்: "தலவலி ஆறு மாசமா. யாருகிட்டயும் சொல்லிடாத."

சொன்னால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கண்ணாடி போட ஆரம்பித்த பெண்களை "பாட்டி" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். இருபத்தைந்து வயதுப் பாட்டிகள். கேலி தொடங்கிக் கொஞ்ச நாளில் அவர்களை வேறு பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே கொஞ்ச நாள், பிறகு வீடு. உன் அப்பா துறைமுகத்தில் அடிபட்டுப் படுத்திருந்த காலம் அது. வீட்டில் வேலைக்குப் போகிறவள் நீ மட்டும். கண் பரிசோதனைக்கு நர்ஸ் கூப்பிடும்போது, நீ வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்வாய். முன்னால் போகிறவர்கள் எழுத்துப் பலகையை உரக்கப் படிப்பார்கள். கடைசி வரி உன் முறை வருவதற்குள் உனக்கு மனப்பாடம் ஆகிவிடும். "கூர்மையான கண்ணு ஒனக்கு," என்று நர்ஸ் பாராட்டியதை வந்து சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டாய்.

எண்பதுகளின் நடுவில் அந்த முதல் இயந்திரங்கள் வந்தன. மலிவான கைகள் இருக்கிற நாடு என்ற பேர் போதும், இனி இயந்திரங்கள் இருக்கிற நாடு ஆக வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்திருப்பதாகவும், தானியங்கி இயந்திரம் வாங்குகிறவர்களுக்கு வரிச் சலுகை என்றும் பத்திரிகைகள் எழுதின. நான் கேன்டீனில் அதைப் படித்துச் சொன்னேன். ரோஸ்னா, "அப்ப நம்ம கை?" என்று தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். அந்த இயந்திரத்தில் ஒரு கேமரா இருந்தது. அது சில்லைப் பார்த்து, தன் நினைவில் இருக்கும் படத்தோடு ஒப்பிட்டு, புள்ளியைக் கண்டுபிடித்துத் தானே கம்பி ஒட்டிவிடும். ஒரு பெண் பல இயந்திரங்களைச் சேர்ந்தாற்போல் கவனித்துக்கொள்ளலாம். மற்ற பெண்கள் எங்கே போவார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. நாம் ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்துக்கொண்டோம்.

எல்லோரும் அதைச் சபித்தார்கள். போகிறபோக்கில் காலால் உதைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. நீ மட்டும் உணவு இடைவேளையில் போய்க் கண்ணாடித் தடுப்பில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"அதுக்குக் கண்ணு இருக்குடி," என்றாய் என்னிடம். "அது பாத்துக்கும். நான் பக்கத்துல நின்னு கம்பி மாத்தி, தட்டு மாத்தி, சிவப்பு லைட்டு எரிஞ்சா பட்டன தட்டினாப் போதும். எனக்குக் கண்ணு எதுக்கு?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மற்றவர்களுடைய பயம் எதுவோ அதுவே உனக்கு வழியாக இருந்தது. அடுத்த கண் பரிசோதனைக்குள் அந்த இயந்திரத்துக்கு மாறிவிட்டால் நீ தப்பிவிடுவாய்.

பயிற்சிக்கு நான்கு பெண்களை எடுத்தார்கள். உன் கை வேகத்தைப் பார்த்து லிம் உன் பெயரை முதலில் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாய். என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். மூச்சு வாங்க மேலே ஏறிப்போய்ச் சேர்ந்ததும், "அங்க கடல் தெரியுதாடி?" என்று கேட்டாய். தெரிகிறது என்றேன். "அப்ப சரி," என்றாய், நீயே பார்த்துவிட்டதுபோல.

பயிற்சி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. லாக்கர் ரூமில் தட்டு வைத்தோம், இடுக்கிகளுக்குப் பொட்டு வைத்தோம், லிம்முக்குச் சுண்டல் கொடுத்தோம். அதற்குப் பிறகு நீ செய்தது எனக்கு மறுநாள்தான் தெரியும். பிற்பகலில் ஷிப்ட் முடிந்து மற்றவர்கள் வெளியே வரும்போது, தட்டிலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும், இயந்திரம் துடைக்கிற துணியின் ஓரத்தில் எடுத்து மடித்துச் சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு, நீ திரும்ப உள்ளே போயிருக்கிறாய்.

மறுநாள் காலை கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அமைச்சின் அதிகாரிகள், முதலீட்டுக் குழு, பத்திரிகை ஆட்கள். நமக்கெல்லாம் புது மேலங்கி கொடுத்திருந்தார்கள். அவர்கள் வந்து நின்றார்கள். இயந்திரங்கள் ஓடின. உன் இயந்திரம் மட்டும் ஓடி நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. நீ பட்டனைத் தட்டினாய். ஓடியது, நின்றது. மறுபடி தட்டினாய். இயந்திரத்தை விற்ற நாட்டிலிருந்து வந்திருந்த பொறியாளர், வயதானவர், விருந்தாளிகளிடம் தலை தாழ்த்திவிட்டுக் குனிந்து பார்த்தார். கேமராவுக்குக் கீழே தட்டில் இருந்த சில்லுகளின்மேல் மஞ்சளாகப் பொடி உதிர்ந்திருந்தது. அவர் விரலால் தொட்டு, முகமூடியை விலக்கி மோந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். கேமராவின் உறைமேல், லென்சுக்குச் சற்று மேலே, வட்டமாகக் காய்ந்துபோன சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். விளக்குச் சூட்டில் ஓரம் வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"அலாமாக்," என்று மெதுவாக வியந்தாள் ரோஸ்னா. "மெஷினும் பொட்டு வச்சிருக்கு."

பத்திரிகைக்காரர் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வந்திருந்தவர்களில் ஓர் அதிகாரி நம் மேலாளரைப் பார்த்து, "இயந்திரத்தை வாங்கிவிட்டீர்கள். இயக்குகிற ஆளை எந்த நாட்டில் வாங்கப்போகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. சும்மா நகைச்சுவைதான். மேலாளரும் சிரித்தார். ஆனால் அவர் காது சிவந்துவிட்டது.

அவர்கள் போனதும் லிம் நம் வரிசையில் இருந்த தமிழ்ப் பெண்களை மட்டும் கூப்பிட்டு நிற்கவைத்தார். யார் என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான்தான், மிஸ்டர் லிம்," என்றாய்.

"கேமராவில் போய் வைப்பாயா? கண்ணில் போய் யாராவது வைப்பார்களா?"

"கண்ணுல வைக்கல. நெத்தியிலதான் வச்சேன்."

"மெஷினுக்கு நெற்றி எங்கே இருக்கிறது?"

"கண்ணு இருக்குல்ல? அப்ப அதுக்கு மேல இருக்கிறது நெத்திதானே?"

லிம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஐயோ, என்னாம்மா நீ," என்று தமிழிலேயே சொன்னார். அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் அது ஒன்று. அவர் உனக்காக மேலே போய்ப் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். உன் வேலை போகவில்லை. பயிற்சியிலிருந்து மட்டும் எடுத்துவிட்டார்கள். பழைய மைக்ரோஸ்கோப்புக்கே உன்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

உன் இடத்துக்கு லிம் என்னைக் கூப்பிட்டார். இயந்திரத்தோடு வந்த ஆங்கிலக் கையேடு தடிமனானது. புரட்டிப் படிக்கிற பெண் நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று பஸ்ஸில் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நீயே ஆரம்பித்தாய்.

"ஒன்னயத்தானே கூப்பிட்டாரு?"

"ம்."

"போலா. போவமாட்டேன்னு மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காத. நீ போவலன்னா என்னயவா திரும்பக் கூப்பிடப்போறாங்க?"

"ஏண்டி அப்படிச் செஞ்ச? தெரியாதா ஒனக்கு?"

பாலம் கட்டுகிற இடத்தில் பஸ் நெரிசலில் நின்றது. "எல்லாரும் அத திட்டிக்கிட்டே இருந்தாங்க," என்றாய். "வந்த நாள்லேர்ந்து ஒரு நல்ல வார்த்த கெடயாது. பொல்லாப்பு பட்டு அது நின்னு போயிட்டா எனக்கு வேற என்னா இருக்கு? அதான்."

உன் தலை என் தோளுக்கு வந்தது. தலைமுடி அன்று காய்ந்திருந்தது.

அடுத்த கண் பரிசோதனையில் நர்ஸ் பழைய பலகையை எடுத்துவிட்டிருந்தார். எழுத்துக்குப் பதிலாக, திசைக்கொன்றாகத் திரும்பிய குறிகள். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். அதுவும் ஒவ்வொருவராக, கதவைச் சாத்திக்கொண்டு. நீ வெளியே வந்ததும் என்னைத் தேடினாய். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். "இங்கதான் இருக்கேன்," என்றேன்.

அதன்பிறகு நடந்தது எல்லாப் பெண்களுக்கும் நடந்ததுதான். பாக்கிங் பிரிவு, பிறகு ஒரு கைகுலுக்கல், ஒரு கேக். நீ தமிழ்ப்பள்ளிக் கேன்டீனில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மடிக்கப் போனாய். "இங்க எதையும் உத்துப் பாக்க வேணாம்டி. பிள்ளைங்கள குரல்லயே தெரிஞ்சிக்கிறேன். ஒரு பய, குரல மாத்திக்கிட்டு ரெண்டாவது தடவ வந்து வாங்குறான்," என்றாய். சந்தோஷமாகத்தான் சொன்னாய். நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முயன்றேன்.

உன் சாவுக்கும் தொழிற்சாலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கொசுக் காய்ச்சல். நம் அடுக்குமாடியில் அந்த மழைக்காலத்தில் பலருக்கு வந்தது, பெரும்பாலோர் பிழைத்தார்கள். தொடர்பு இருந்திருந்தால் கோபப்படுவதற்காவது ஓர் இடம் கிடைத்திருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் ரோஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது மறுபடியும் பத்திரிகைகள் எழுதுகின்றன. கம்பி ஒட்டுவது போதாது, சில்லையே நாம் செய்ய வேண்டும், நாடே பணம் போட வேண்டும், தீவுக்கு அக்கரையில் அதற்கென்று பெரிய நிலம் ஒதுக்கப்படுகிறது, இனி ரோபோக்கள் என்று. நான் அதை மறுக்கவில்லை. கண் கெடுகிற வேலையை இயந்திரத்திடம் கொடுப்பது நல்லதுதான் என்று உன்னைப் பார்த்துப் பழகிய யாரும் சொல்வார்கள். ஆனால் இன்று வந்திறங்கிய இயந்திரங்களுக்குத் தட்டு மாற்றக்கூட ஆள் வேண்டாம். ஓர் இயந்திரக் கை வந்து எடுத்துவைத்துவிடும். என் கீழ் வேலை செய்கிற பெண்கள் மதியம் என்னைச் சுற்றி நின்றார்கள். அதில் ஒருத்தி, "அக்கா, எங்களை வச்சிருப்பாங்களாக்கா?" என்று கேட்டாள். "தெரியலம்மா," என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே போனாள். தூசியா, அழுகையா என்று பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

நீ வேலையை விட்டபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உங்கள் வீட்டுக்கு இறங்கி வருவேன். ஞாயிறு பதிப்பில் வருகிற தொடர்கதையை உனக்குப் படித்துக்காட்டுவேன். நீ காய் நறுக்கிக்கொண்டு கேட்பாய். கதாநாயகி எதையாவது பொறுத்துக்கொண்டு போனால் உனக்கு ஆகாது. "நிப்பாட்டுடி. இவ ஏன் வாயத் தொறக்க மாட்டேங்குறா? நீயே ஒரு வரி சேத்துப் படி," என்பாய். நான் சேர்த்துப் படிப்பேன். சில வாரங்களில் நாம் இருவரும் சொன்ன கதைக்கும் அச்சில் இருந்த கதைக்கும் சம்பந்தமே இருக்காது. அடுத்த வாரம் அச்சில் வந்தது நம் கதையோடு ஒட்டாமல் போகும். அப்போது அந்த எழுத்தாளருக்குக் கதையே ஓடவில்லை என்று நீ சொல்லிவிடுவாய்.

என் கண்கள் நன்றாக இருக்கின்றன. இத்தனை வருடம் எனக்காக ஓர் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்ததால் அவை தேயவில்லை. நான் நின்ற அந்த இடம் உனக்குக் கொடுத்த இடம். ராத்திரி சாப்பிட்டு முடித்து விளக்கடியில் புத்தகத்தைப் பிரித்தால் எவ்வளவு சின்ன எழுத்தும் தெரிகிறது. ஆனால் மனதுக்குள் படிக்கும் பழக்கம் எனக்குப் போய்விட்டது. வாய்விட்டுத்தான் படிக்கிறேன். தனியாக இருக்கும்போதும் அப்படித்தான். யாராவது எதையாவது பொறுத்துக்கொண்டு போகிற இடம் வந்தால் நிறுத்திக்கொள்கிறேன். கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். பிறகு நானே ஒரு வரி சேர்த்துப் படித்துவிட்டு, பக்கத்தைத் திருப்புகிறேன்.